பார்ட் டைம் ஆளுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டா? ஜவுளிக்கடைத் தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, நீங்க கேட்டதுல ரெண்டு கேள்வி பின்னிக் கெடக்கு, அதனால முதல்ல பிரிச்சுக்குறேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை, வருசம் பூரா 9 பேர் வேலை பாக்குறாங்க, ஆடித் தள்ளுபடியிலருந்து தீபாவளி வரைக்கும் சாயங்காலம் மட்டும் காலேஜ் பசங்க நாலு பேரை எடுக்கணும், "பார்ட் டைம்தானண்ணே, ஈ.எஸ்.ஐ. வராதுல்ல?"ன்னு ஒண்ணு. இன்னொண்ணு, டெக்சாஸ்ல ஒரு பெரிய கடையில வேலை பாக்குற உங்க சித்தி மகனுக்கு வாரத்துக்கு 35 மணி நேரம் இருந்ததை 28ன்னு கொறச்சுட்டாங்க, ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டம்தான் காரணம்னு அவர் சொல்றார், இங்கயும் புது லேபர் கோடு, அதாவது தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வந்துருச்சே, அதே கூத்து நடக்குமான்னு.

மொத கேள்விக்கு: வரும். ஈ.எஸ்.ஐ.ங்குறது தொழிலாளிக்கான அரசாங்கக் காப்பீடு, அதுல பார்ட் டைமுக்குன்னு ஒரு விலக்கும் கெடையாது. ரெண்டாவதுக்கு: நடக்காது, அதுக்கு நேர் எதிரா ஒண்ணு நடக்கும், சொல்லப்போனா மாசி வீதிகள்ல ரொம்ப வருசமா நடந்துக்கிட்டுதான் இருக்கு. நான் இருபது வருசத்துக்கு மேல கடைகளுக்கும் ஒர்க்ஷாப்புகளுக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்குப் பாக்குறவன், அதனால இந்த எதிர்ப்பக்கம் எப்படி வருதுன்னு கொஞ்சம் நிதானமாவே சொல்றேன், டீ போட்டு வச்சுக்கிட்டுப் படிங்க.

அமெரிக்காக் கதைய முதல்ல முடிச்சுருவோம். அங்க வைத்தியச் செலவு வேலையோட ஒட்டிக்கிட்டதே ஒரு தற்செயல்தான். ரெண்டாம் உலகப் போர் நேரம், 1942ல சம்பளத்தை ஏத்தக் கூடாதுன்னு அரசாங்கம் கட்டிப் போட்டுச்சு, ஆளு கெடைக்காம தவிச்ச கம்பெனிக்காரங்க சம்பளத்துக்குப் பதிலா இன்சூரன்ஸ் குடுத்து ஆள் புடிச்சாங்க, அதுக்கு வரி இல்லைன்னு பின்னாடி 1954ல சட்டத்துலயே எழுதிட்டாங்க, அம்புட்டுதான், அப்படியே நின்னு போச்சு. 2010 மார்ச்ல ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டம் இதை ஒடைக்கல, இன்னும் இறுக்கிக் கட்டுச்சு. 50 முழுநேர ஆள் அளவுக்கோ அதுக்கு மேலயோ வச்சிருக்குற முதலாளி எல்லாரும் முழுநேர ஆளுக்கு இன்சூரன்ஸ் குடுக்கணும், இல்லைன்னா அபராதம். யாரு முழுநேர ஆளு? வாரத்துக்குச் சராசரியா 30 மணி நேரம், இல்ல மாசத்துக்கு 130 மணி நேரம் வேலை பாக்குறவரு. உங்க சித்தி மகனோட 28 இப்பப் புரியுதா? அந்த 30ங்குற கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி வச்சிருக்காங்க.

ஏன் அந்தக் கோடு அவ்வளவு கடிக்குதுன்னா, அங்க பிரீமியம் தலைக்கு இவ்வளவுன்னு போகுது, சம்பளத்துல இத்தனை சதவீதம்னு இல்ல. கே.எஃப்.எஃப்.னு ஒரு அமைப்பு வருசா வருசம் கணக்கெடுக்குது, 2024ல ஒத்த ஆளுக்கான சராசரி பிரீமியம் வருசத்துக்கு 8,951 டாலர். வாரம் 40 மணி நேரம் வேலை பாக்குற ஆளுன்னா அதை மணிக்குப் பிரிச்சா 4.30 டாலர் வருது. அதே பாலிசிய 30 மணி நேர ஆளுக்குக் குடுத்தா மணிக்கு 5.74, இருபது மணி நேர ஆளுன்னா 8.61. நேரம் கொறையக் கொறைய ஒரு மணி நேர உழைப்போட வெலை ஏறிக்கிட்டே போகுது. இதுல தொழிலாளி பங்கும் கொஞ்சம் இருக்கு, பெரும்பங்கு முதலாளி கையிலருந்து. அப்ப கடைக்காரன் என்ன பண்ணுவான், ஒண்ணு அந்த ஆளை நல்லா முழுசா வேலை வாங்குவான், இல்ல 30க்குக் கீழ தள்ளுவான், நடுவுல நிக்க மாட்டான்.

50ங்குற கோட்டுலயும் ஒரு பள்ளம் இருக்கு. இன்சூரன்ஸே குடுக்காத கம்பெனிக்கு அபராதம் ஆரம்பத்துல ஆளுக்கு வருசம் 2,000 டாலர், முதல் 30 பேரைக் கழிச்சுக்கலாம், அப்புறம் அந்தத் தொகை வருசா வருசம் ஏறுது. ஆக 49 பேர் இருக்குற வரைக்கும் சுழியம், அம்பதாவது ஆளு உள்ள வந்ததும் மீதி 20 பேருக்கு 40,000 டாலர். பார்ட் டைம் ஆளை வச்சு இதுலருந்து தப்பிக்க முடியாது, ஏன்னா அவங்க மணி நேரத்தையெல்லாம் மாசக் கணக்குல கூட்டி 120ஆல வகுத்து எத்தனை முழு ஆளுக்குச் சமம்னு பாத்து அம்பதுல சேர்ப்பாங்க. ஆனா அபராதம் போடும்போது பார்ட் டைம் ஆளுக்காகப் போட மாட்டாங்க. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க, நம்ம ஊருக்கு வரும்போது வேணும்.

சரி, அங்க எல்லாரும் மணி நேரத்தைக் கொறச்சுட்டாங்களான்னா, பேப்பர்ல வந்த அளவுக்கு இல்ல. முதலாளிகளுக்கான இந்த விதி 2014ல வர வேண்டியது, தள்ளிப்போட்டு 2015ல பெரிய கம்பெனிகளுக்கும் 2016ல 50லருந்து 99 பேர் வரைக்கும் உள்ளவங்களுக்கும் வந்துச்சு. ஹெல்த் அஃபேர்ஸ்ங்குற பத்திரிகையில 2016ல வந்த ஆய்வு, பார்ட் டைம் வேலையில பெருசா மாத்தம் தெரியலன்னுதான் சொல்லுச்சு. அதுக்கு எதிரா, விருப்பமில்லாம பார்ட் டைம்ல மாட்டுனவங்க கூடியிருக்காங்கன்னு கண்டவங்களும் உண்டு. ஹவாய்ல 1974லயே ஒரு சட்டம் போட்டாங்க, அங்க கோடு 20 மணி நேரம், 2011ல வந்த ஒரு ஆய்வு 20க்குக் கீழ வேலை பாக்குறவங்களைக் கூடுதலா நம்புற போக்கு வந்துச்சுன்னு சொல்லுது, அதுவும் பிரளயம் மாதிரி இல்ல. என் புத்திக்கு எட்டுனது என்னன்னா, நாடு முழுக்கச் சராசரி எடுத்தா சின்ன எண்ணிக்கைதான், ஆனா ஓட்டல், சில்லறைக் கடை, காலேஜ்ல மணிக்கணக்குல பாடம் எடுக்குறவங்க, இவங்களப் பாத்துதான் கத்தி எறங்கும், உங்க சித்தி மகன் நிக்குறது சரியா அங்கதான். சராசரிய வச்சு அவருக்கு ஆறுதல் சொல்ல முடியாது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948, திட்டம் நடைமுறைக்கு வந்தது 1952 பிப்ரவரி 24. இதுல பணம் தலைக்கு இவ்வளவுன்னு இல்ல, சம்பளத்துல சதவீதம். 2019 ஜூலை 1க்கு முன்னாடி முதலாளி 4.75, தொழிலாளி 1.75, ஆக 6.5. அன்னையிலருந்து முதலாளி 3.25, தொழிலாளி 0.75, ஆக 4 சதவீதம். மாசம் 12,000 வாங்குற ஆளுக்கு நீங்க கட்டுறது 570 ரூபாயிலருந்து 390க்கு எறங்குச்சு. இப்ப அந்த ஒரு ஆளை ரெண்டாப் பிரிச்சு காலையில ஒருத்தரு சாயங்காலம் ஒருத்தருன்னு ஆளுக்கு 6,000 குடுங்க, ஆளுக்கு 195, கூட்டுனா அதே 390. மணி நேரத்தைக் கூட்டுனாலும் கொறச்சாலும் ஒரு பைசா லாபமும் இல்ல நட்டமும் இல்ல. 29 மணி, 30 மணிங்குற பேச்சே நம்ம சட்டத்துல இல்ல. ஒரு மணி நேரம் வந்துட்டுப் போனாலும் கூலி வாங்குனா அவரு ஊழியர்தான்.

அப்ப எங்க கடிக்குது? பத்துங்குற எண்ணுல. பத்து பேரு வேலை பாக்குற நிறுவனம்னா ஈ.எஸ்.ஐ. உள்ள வந்துரும். இங்கதான் அமெரிக்காவுக்கும் நமக்கும் கணக்கு தலைகீழாப் போகுது. அவங்க ரெண்டு அரை ஆளைக் கூட்டி ஒரு ஆளுன்னு எண்ணுறாங்க. நாம ரெண்டு அரை ஆளையும் ரெண்டு முழுத் தலையா எண்ணுறோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து ஒம்பதரைக்குப் போற பையனும் ஒரு தலை, காலையில ஷட்டர் தெறந்து ராத்திரி சாவி குடுக்குற அண்ணாச்சியும் ஒரு தலை.

உங்க கடைக் கணக்கையே போட்டுப் பாருங்க. 9 பேரு, ஆளுக்கு 12,000ன்னு வச்சுக்குவோம், ஈ.எஸ்.ஐ. இல்ல. பத்தாவதா சாயங்காலப் பையன் ஒருத்தன், மாசம் 5,000. அவனுக்கான 3.25 சதவீதம் வெறும் 162 ரூபா 50 காசு, ஆனா அவன் உள்ள வந்ததால மத்த 9 பேருக்கும் சேத்து மொத்தச் சம்பளம் 1,13,000க்குக் கட்டணும், அது 3,672 ரூபா 50 காசு. ஆக அந்த 5,000 ரூபாப் பையன் உங்களுக்கு மாசம் 8,672 ரூபாய்க்கு வந்து நிக்குறான். இதைப் பாத்துட்டு எந்தக் கடைக்காரரும் பார்ட் டைம் ஆள் எடுக்க மாட்டாரு, இருக்குற 9 பேரைக் கூப்பிட்டு "சீசன் முடியுற வரைக்கும் ரெண்டு மணி நேரம் கூட நில்லுங்கப்பா, பேட்டா தர்றேன்"னுதான் சொல்லுவாரு. சட்டப்படி ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு கூலி, பேட்டா எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்ல. அமெரிக்காவுல சட்டம் மணி நேரத்தைக் குறுக்குது, நம்ம ஊர்ல அதே மாதிரி ஒரு சட்டம் மணி நேரத்தை நீட்டுது. பன்னெண்டு மணி நேரம் நின்னு சேலை மடிக்குற பொண்ணுங்க காலு வீங்கிப் போயி நிக்குறதுக்கு முதலாளி மனசு மட்டும் காரணமில்ல, அந்த பத்தாம் நம்பரும் ஒரு காரணம்.

இதுக்கு ஒரு குறுக்கு வழி எல்லாரும் பண்ணுறது, ரிஜிஸ்டர்ல ஏத்தாம விடுறது. ஒரு கடையில, எந்தத் தெருன்னு வேணாம், கணக்கு வாங்கப் போயிருந்தேன். வருகைப் பதிவேட்டுல 9 பேரு, பளிச்சுன்னு கையெழுத்து. மாடியில ஃபால்ஸ் அடிக்குற இடத்துல மூணு பேரு, கீழ வாசல்ல டோக்கன் போட்டு வண்டி நிறுத்துற பெரியவரு ஒருத்தரு, குடோன்ல ரெண்டு பசங்க. "இவங்கல்லாம் யாருண்ணே?"ன்னேன். "ஃபால்ஸ் காண்ட்ராக்ட் தம்பி, வண்டி நிறுத்துறவரு நம்ம ஆளே இல்ல, பசங்க சும்மா பழகுறாய்ங்க"ன்னாரு. அவர் பேசிக்கிட்டிருக்கும்போதே மேல இருந்து ஒரு பையன் "மொதலாளி, எனக்கு இந்த வாரச் சம்பளம்?"னு எறங்கி வர்றான். நான் சிரிச்சுட்டேன், அவரும் சிரிச்சுட்டாரு. ஆனா இது சிரிச்சு முடிக்குற விசயமில்ல. 1978லயே ஐதராபாத் ராயல் டாக்கீஸ் வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லிருச்சு, தியேட்டர் கேன்டீன்ல வேலை பாக்குறவங்களும் சைக்கிள் ஸ்டாண்டுல நிக்குறவங்களும், வேற ஒருத்தர் காண்ட்ராக்ட் எடுத்து வச்சிருந்தாலும், தியேட்டர் கணக்குல ஈ.எஸ்.ஐ. ஊழியர்கள்தான்னு. சைக்கிள் ஸ்டாண்டுன்னு கோர்ட்டே பேரு சொன்னதுக்கப்புறம் வாசல்ல வண்டி நிறுத்துறவரை நம்ம ஆள் இல்லைங்குறது எடுபடாது. "பழகுறாய்ங்க"ங்குறதும் அப்படித்தான், அப்ரன்டிஸ் சட்டத்துல முறையாப் பதிஞ்சவங்கதான் விலக்கு, சும்மா வாயால அப்ரன்டிஸ்னு சொன்னா ஆகாது.

இன்னொரு ஆளு யோசனை சொல்லுவாரு, சீசனுக்கு மட்டும் பதிமூணு பேரு, பொங்கலுக்கு அப்புறம் ஒம்பதாக்கிட்டா வெளிய வந்துரலாம்னு. வர முடியாது. ஒரு தடவ உள்ள வந்துட்டா அப்புறம் ஆள் கொறைஞ்சாலும் தொடரும்னு 1989லயே திருத்தம் போட்டாங்க, 2023 ஜனவரியில ராதிகா தியேட்டர் வழக்குல சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் அழுத்திச் சொல்லிருச்சு, புது சமூகப் பாதுகாப்புக் கோடும் அதே வழிதான். மறுபடி தியேட்டர் பாருங்க, இந்த சினிமாக் கொட்டகைக்காரங்க நமக்காக எல்லாக் கேசையும் போட்டு முடிச்சு வச்சுட்டாங்க. ஆக உங்க நாலு பசங்க இந்த ஆடிக்கு வந்தா அடுத்த ஆடிக்கும் அதுக்கடுத்த ஆடிக்கும் உங்க 9 பேருக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுங்க.

பத்தைத் தாண்டுனா அடுத்த கோடு 21,000. 2017 ஜனவரியிலருந்து மாசச் சம்பளம் 21,000 வரைக்கும்தான் ஈ.எஸ்.ஐ., மாற்றுத்திறனாளின்னா 25,000. இதுல ஒரு வேடிக்கை. கப்பலூர்ப் பக்கம் ஒரு ஒர்க்ஷாப், சூப்பர்வைசர் ஒருத்தருக்கு 20,800 சம்பளம். முதலாளி 300 ரூபா ஏத்தி 21,100 ஆக்கலாம்னாரு. முன்னாடி அவருக்காகச் செலவு 20,800ம் ஈ.எஸ்.ஐ. 676ம் சேந்து 21,476, ஏத்துனதுக்கப்புறம் வெறும் 21,100. சம்பளம் ஏத்தி மாசம் 376 ரூபா மிச்சம்! முதலாளிக்குப் பயங்கர சந்தோசம். அந்த மனுசன் ராத்திரி என் வீட்டுக்கு வந்துட்டாரு, "அண்ணே, ஏத்த வேணாம்னு சொல்லுங்கண்ணே, வீட்டுல அவளுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ் ஓடுது, ஈ.எஸ்.ஐ. போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்". சம்பளம் ஏத்தாதீங்கன்னு ஒரு ஆளு சிபாரிசுக்கு வந்தது என் வாழ்க்கையில அதுதான் மொதத் தடவ. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ரெண்டு கட்டணக் காலம் இருக்கு, நடுவுல சம்பளம் எல்லையத் தாண்டுனாலும் அந்தக் காலம் முடியுற வரைக்கும் கட்டணும், வைத்தியமும் உண்டு. அது மே மாசம், அதனால செப்டம்பர் கடைசி வரைக்கும் கவலை இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டு, மறுநாள் முதலாளிக்கிட்டப் பேசி ஏத்துறதை நிறுத்தி வச்சோம். அந்த அம்மாவுக்கு வைத்தியம் தொடர்ந்துச்சு.

இப்ப பார்ட் டைம் ஆளு பக்கம் நின்னு பாருங்க, இதைப் பத்தி யாரும் பேசுறதில்ல. பணம் புடிக்குறதுல நேரக் கணக்கு கெடையாதுன்னேன், ஆனா பணம் குடுக்குறதுல நாள் கணக்கு உண்டு. ஒடம்பு சரியில்லாம லீவு போட்டா சம்பளத்துல 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரைக்கும் கெடைக்கும், ஆனா அதுக்கு ஒரு கட்டணக் காலத்துல 78 நாளாவது சம்பளம் வாங்கியிருக்கணும். ஆறு மாசத்துக்கு 26 வாரம், வாரத்துக்கு மூணு நாளுன்னா சரியா 78. ஒரு நாள் கூடத் தவறாம வந்தா! சனி ஞாயிறு மட்டும் வர்ற பையனுக்கு 52 நாள்தான், ஆயுசுக்கும் இந்தப் பணம் கெடைக்காது, ஆனா மாசாமாசம் 0.75 புடிப்போம். ஏற்கெனவே ஈ.எஸ்.ஐ.ல பதிஞ்ச ஆளு சீசனுக்கு மட்டும் வந்தா இன்னும் மோசம் (மொத தடவையாப் பதியுறவருக்கு மட்டும், அந்த மொத காலம் குறுகலா இருந்தா, அதுல வேலை பாக்கக் கெடைச்ச நாளுல பாதி போதும்னு ஒரு சலுகை இருக்கு). செப்டம்பர் 1ல சேந்து நவம்பர் 10 வரைக்கும் லீவே இல்லாம வேலை பாத்தான்னு வைங்க, செப்டம்பர்ல 30 நாளு ஒரு காலத்துலயும், மீதி 41 நாளு அடுத்த காலத்துலயும் விழும், ரெண்டுலயும் 78 வராது. தீபாவளி செப்டம்பர்-அக்டோபர் கோட்டுக்கு மேல ஒக்காந்திருக்குறது நம்ம பசங்க தலையெழுத்து. பிரசவத்துக்கு மட்டும் ரெண்டு காலத்தையும் சேத்து 70 நாள் போதும்னு இருக்கு, அதனால அதே 71 நாள் பாத்த ஒரு பொண்ணுக்கு 26 வார பிரசவச் சம்பளத்துக்குத் தகுதி வந்துரும், காய்ச்சல்ல படுத்தா சம்பளம் வராது. ரெண்டுக்கும் ஒரே மாதிரி வச்சா என்னன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம்.

அதுக்காக பார்ட் டைம் ஆளுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நெனைக்காதீங்க. பணம் கட்டுற வரைக்கும் அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. வேலை பாக்குற எடத்துல அடிபட்டா நாள் கணக்கே கேக்க மாட்டாங்க, சேந்த முதல் நாளே ஏணியில இருந்து விழுந்தாலும் சம்பளத்துல 90 சதவீதம் தற்காலிக ஊனத் தொகை. வேலைக்கு வர்ற வழியில வண்டி விபத்துன்னாலும் 2010லருந்து சேத்துக்கிட்டாங்க, திருமங்கலம், மேலூர்ல இருந்து பைக்ல வர்ற பசங்களுக்கு இது பெரிய விசயம். தினக்கூலி சராசரி 176 ரூபா வரைக்கும்னா தொழிலாளி பங்கு புடிக்கவே வேணாம், உங்க பங்கு மட்டும். முதலாளிக்கும் இதுல ஒரு கவசம் இருக்கு, ஈ.எஸ்.ஐ.ல இருக்குற ஆளுக்கு அடிபட்டா நஷ்ட ஈடு ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேசனே குடுக்கும், உங்க மேல கேசு வராது. இல்லாத ஆளு குடோன் லிஃப்ட்ல கை மாட்டிக்கிட்டான்னா, 3.25 சதவீதத்தைப் பத்து வருசம் சேத்து வச்சாலும் காணாது.

இந்தச் செலவைக் கடைசியில யாரு சுமக்குறாங்கன்னு ஒரு கேள்வி, பொருளாதாரம் படிச்சவங்க இதை வேற மாதிரி பேசுவாங்க. லாரி சம்மர்ஸ்னு ஒரு அமெரிக்கப் பொருளாதாரக்காரரு 1989ல எழுதுனது: முதலாளி கட்டாயமாக் குடுக்குற ஒரு சலுகைய தொழிலாளி அதோட முழு வெலைக்கு மதிச்சாருன்னா, அவரு அந்த அளவுக்குக் கொஞ்சம் கொறைஞ்ச சம்பளத்துக்கு ஒத்துக்குவாரு, வேலையும் போகாது, முதலாளிக்குச் சொமையும் இல்ல. மதிக்கலைன்னாதான் அது வரி மாதிரி வலிக்கும். நான் தெனமும் பாக்குறது இதேதான். டிஸ்பென்சரிக்குப் போயி வரிசையில நின்னு மருந்து இல்லைன்னு திரும்பி வந்த பையன் "சார், அந்தக் காசைக் கையில குடுத்துருங்க"ம்பான், முதலாளிக்கு அது வெட்டிச் செலவாத் தெரியும், ரெண்டு பேரும் சேந்து ரிஜிஸ்டர்ல இருந்து பேரை எடுத்துருவாங்க. வீட்டுல ஒரு பெரிய ஆபரேசன் ஈ.எஸ்.ஐ.ல முடிஞ்ச குடும்பத்து ஆளு, "எங்க வேலைக்குப் போனாலும் ஈ.எஸ்.ஐ. உண்டான்னு கேட்டுத்தான் சேருவேன்"ம்பான், ஐநூறு ரூபா கொறைஞ்சாலும் பரவாயில்லம்பான். சதவீதத்தைக் கொறச்சதை விட தத்தனேரி ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலயும் டிஸ்பென்சரியிலயும் மருந்தும் டாக்டரும் நெறைஞ்சிருந்தா முதலாளி செலவு தன்னால எறங்கும்ங்குறது என் கட்சி.

"எனக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, இது எதுக்கு?"ன்னு உங்க ஆளுங்க கேப்பாங்க. நல்ல திட்டம்தான், 2009 ஜூலையில கலைஞர் காப்பீடுன்னு ஆரம்பிச்சு 2012 ஜனவரியில இப்ப உள்ள பேருக்கு மாறுச்சு, குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம். ஆனா அது ஆஸ்பத்திரியில சேந்து பண்ணுற பட்டியல் சிகிச்சைக்கு, படுத்துக் கெடக்குற நாளுக்குச் சம்பளம் வராது. அதோட ஆண்டு வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், மாசம் 12,000 வாங்குற உங்க சேல்ஸ்மேனுக்கு வருசத்துக்கு 1,44,000 ஆயிருது, அட்டை கையில இருக்குறதும் செல்லுறதும் வேற வேற.

புது கோடு பத்தி. 2025 நவம்பர் 21லருந்து நாலு லேபர் கோடும் நடைமுறைக்கு வந்துருச்சு. பத்து பேருங்குற எண்ணு அப்படியே இருக்கு, சதவீதமும் மாறல. சேதி ரெண்டு. பத்துக்குக் கீழ உள்ள கடையும் முதலாளி, தொழிலாளி ரெண்டு பேரும் சம்மதிச்சா விருப்பப்பட்டு சேரலாம். அடுத்தது சம்பளம்ங்குறதுக்குப் புது விளக்கம்: வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி மாதிரி கழிக்கிற அயிட்டம் எல்லாம் சேந்து மொத்தத்துல பாதிக்கு மேல போகக் கூடாது, போனா மிச்சத்தைச் சம்பளத்துலயே கூட்டணும். பேசிக்கை 4,000ன்னு போட்டு மீதியெல்லாம் அலவன்சுன்னு எழுதுற வேலை இனி செல்லாது. ஆனா இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, முன்னாடி ஈ.எஸ்.ஐ. கணக்குல வாடகைப் படியும் சம்பளம்தான், இப்ப அது கழிவு. பேசிக் 15,000, வாடகைப் படி 9,000, போக்குவரத்து 6,000, ஆக 30,000 வாங்குறவரு பழைய கணக்குல 24,000ன்னு வெளிய இருந்தாரு, புது வாசகத்தைப் படிச்சா 15,000ன்னு உள்ள வர்றாரு. உங்க கடையில மேனேஜர் யாராவது இப்படி இருந்தா பாத்துக்கங்க. சாயங்காலம் சாப்பாடு டெலிவரி ஓட்டுற பசங்களுக்கு இது வேற வழி, அவங்க கம்பெனி வருமானத்துல 1லருந்து 2 சதவீதம் ஒரு நிதிக்குக் கட்டணும், அவங்களுக்குக் குடுக்குற தொகையில 5 சதவீதத்துக்கு மேல போகாது. தலையும் எண்ணாம மணியும் எண்ணாம விற்பனைய எண்ணுற முறை, எனக்கு இதுதான் புத்திசாலித்தனமாப் படுது, கடைகளுக்கும் இப்படி ஏதாவது இருந்தா ஒம்பதுக்கும் பத்துக்கும் நடுவுல ஒளிஞ்சு விளையாட வேண்டியதில்ல.

உங்க கடைக்கு என்ன பண்ணலாம்? நாலு பசங்களும் தினம் 300 ரூபான்னா 30 நாளுக்கு ஆளுக்கு 9,000, நாலு பேருக்கும் உங்க பங்கு மாசம் 1,170. பழைய 9 பேருக்கு 3,510. ஆக மாசம் 4,680. அதுக்குப் பதிலா 9 பேரையும் ரெண்டு மணி நேரம் கூட நிறுத்தி சட்டப்படி ரெண்டு மடங்கு குடுத்தா எவ்வளவு ஆகும்னு போட்டுப் பாருங்க: 12,000ஐ 26 நாள், எட்டு மணின்னு வகுத்தா மணிக்கு 58 ரூபாய்க்குக் கொஞ்சம் கொறைவு, ரெண்டு மடங்கு 115, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 230, 9 பேருக்கு 26 நாள்னா 53,000 தாண்டிருது. பசங்க சம்பளம் 36,000த்தையும் ஈ.எஸ்.ஐ.யையும் சேத்தாலும் 40,680தான். நேர்மையாக் கணக்குப் போட்டா பார்ட் டைம்தான் லாபம், பேட்டாக் கணக்குப் போட்டாதான் அது தலைகீழா மாறுது.

எடுக்குறதா முடிவு பண்ணிட்டா ஆடி பொறக்குறதுக்கு முன்னாடியே பதிஞ்சுருங்க, ஆன்லைன்தான், அடுத்த மாசம் 15ந் தேதிக்குள்ள சலான் கட்டணும், தாமதமானா 12 சதவீத வட்டி. பசங்களை செப்டம்பர்ல எடுக்காம ஜூலை முதல் வாரமே எடுத்தீங்கன்னா செப்டம்பர் முடியுறதுக்குள்ள 78 நாள் வந்துரும், உங்களுக்கு எதுவும் கூடல, அவனுக்கு ஒரு தகுதி கெடைச்சுரும். அப்புறம் முக்கியமா, ஆதார்ல உள்ள பேரும் பேங்க் பாஸ்புக்ல உள்ள பேரும் ஒண்ணா இருக்கான்னு முதல்லயே பாத்துருங்க. ஒண்ணுல இனிஷியல் முன்னாடி இருக்கும், இன்னொண்ணுல அப்பா பேரு முழுசாப் பின்னாடி இருக்கும், போன வருசம் ஒரே ஒரு எம். புள்ளிக்காக நாலு தடவ அலைஞ்சேன்.